தகவலின் தரம்: வரையறையும் வகைப்பாடும்

தகவலின் தரம் யாது என்னும் வினாவுக்குத் தரப்பட்ட விடைகளுள், றிச்சட் வாங், டயான் ஸ்ரோங் ஆகியோர் 1996இல் வெளியிட்ட வகைப்பாடு பெரிதும் எடுத்தாளப்படுவது. தகவலைப் பயன்படுத்துவோரின் கருத்துக்களைத் திரட்டி, தரத்தின் 15 கூறுகளை இயல்புத் தரம், சூழல்சார் தரம், எடுத்துரைப்புத் தரம், அணுகல் தரம் என நால்வகைப்படுத்தினர். பயன்படுத்துவோர்க்கு ஏற்றதாய் அமைவதே தரம் என்பது இதன் அடிப்படை.

காலந்தாழ்ந்து வரும் சரியான செய்தியும் பயனிழக்கும் என்பதை இவ்வகைப்பாடு விளக்குகின்றது; அவ்வளவில் ஏற்கத்தக்கதே. ஆயின் இயல்புத் தரத்துள் பிழையின்மையுடன் நம்பப்படும் தன்மையையும் நன்மதிப்பையும் ஒருங்கே வைத்தமை பொருந்துமா? முன்னையது செய்திக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள உறவு. பின்னையவை செய்திக்கும் கேட்போர்க்கும் உள்ள உறவு. இரண்டும் முரணுமிடத்து இவ்வகைப்பாடு வழிகாட்டுவதில்லை.

யாழ்ப்பாண வரலாற்றில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் புவனேகவாகு சகாப்தம் 870இல், அதாவது கி.பி. 948இல், அமைத்தான் எனத் தனிப்பாடலொன்று கூறும். ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆட்சியோ 13ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது என்பர் ஆய்வாளர். கோயிற் கட்டியமோ ஆண்டெதனையும் கூறாது, ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்னும் பெயரைப் போற்றுகின்றது. சங்கபோதி என்பது சிங்கள மன்னர் பூண்ட விருதுப்பெயர். எனவே, 1450இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, பின்னர் கோட்டையில் புவனேகபாகு என முடிசூடிய செண்பகப் பெருமாளையே இது சுட்டும் என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

இங்கு இரண்டு உண்மைகள் நோக்கற்பாலன. ஆண்டைத் திட்டமாகக் கூறும் செய்தி, அதனாலேயே பிழையற்றதாகிவிடாது. அன்றியும், ஒரே பாடலில் பெயர் கொள்ளத்தக்கதாகவும் ஆண்டு தள்ளத்தக்கதாகவும் உள்ளன. ஆதலின் தரம் என்பது நூல் முழுமைக்கும் உரிய பண்பன்று, தனித்தனிக் கூற்றுக்குரியது.

எனவே மூலம் நிகழ்ச்சிக்கு எத்துணை அண்மையது, கூற்று பிற சான்றுகளோடு இயைவதா, எவ்வினாவுக்கு அது பயன்படும் என முந்நிலையில் வகுத்து, முதலிரண்டையும் ஆராய்ந்த பின்னரே மூன்றாவதைக் கொள்ளுதல் தகும். பயன்படுத்துவோர் விருப்பே அளவுகோலாயின், தொன்மைப் பெருமை நாடுவோர்க்கு 948ஆம் ஆண்டே தரமான தகவலாகிவிடும். வரலாறு எழுதுவோர் அஞ்சவேண்டியது தகவற் பஞ்சத்தினும் இதனையே.