சிவப்புக் கோடு போனால் பிழை போயிற்றா?

நண்பர் ஒருவர் தன்னுடைய ஆண்ட்ராய்டு செயலியின் கோடைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னார். ஆண்டுச் சந்தா 4,499 ரூபாய். செயலியின் திரையிலோ 204 ரூபாய் என்று இருந்தது. "ஆஃபர்னு நினைச்சு வாங்கப் போனவங்க எல்லாம் திட்டி எழுதுறாங்கப்பா" என்றார். பணம் கட்டும் கட்டத்தில் கூகுள் பிளே சரியான விலையைத்தான் காட்டும். அதனால் யாருக்கும் பண நஷ்டம் இல்லை. ஆனால் வாசலில் 204 என்று கூவிவிட்டு கல்லாவில் 4,499 கேட்கிற கடைக்கு யார் திரும்பப் போவாங்க?

பிளே பில்லிங் விலையை இரண்டு விதமாகத் தருகிறது. ஒன்று, திரையில் காட்டுவதற்கென்றே தயாரான ஸ்ட்ரிங். இன்னொன்று, மைக்ரோக் கணக்கில் ஒரு முழு எண். ஒரு ரூபாய்க்கு 10 லட்சம் மைக்ரோ. அப்படியானால் 4,499 ரூபாய் என்பது 449.9 கோடி. இது 64 பிட் லாங். 32 பிட் இன்ட் 2,147,483,647 வரைதான் தாங்கும், அதாவது 2,147 ரூபாய் சொச்சம். அதற்கு மேல் போனால் மேல்பக்கத்து பிட்டுகள் சத்தமில்லாமல் வெட்டுப்படும். இங்கே மிஞ்சியது 204,032,704. அதை 10 லட்சத்தால் வகுத்தால் 204. விலை 2,999 ஆக இருந்திருந்தால் திரையில் மைனஸ் 1,295 வந்திருக்கும், அன்றைக்கே பிடிபட்டிருக்கும். நண்பருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

கோட்லினைக் குறை சொல்ல முடியாது. இன்ட் கேட்ட இடத்தில் லாங்கைக் கொடுத்தால் அது கம்பைல் ஆகாது, சிவப்புக் கோடு போட்டு நிறுத்தும். என் சண்டை அதற்கு நாம் பார்க்கிற வைத்தியத்தோடுதான். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே 'டூஇன்ட் சேர்க்கட்டுமா' என்று கேட்கிறது. ஒரு தட்டு, சிவப்பு போச்சு, பிழை மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஜாவாவில் மேத் டாட் டூஇன்ட்எக்ஸாக்ட் என்று ஒன்று இருக்கிறது, எண் கொள்ளாவிட்டால் எக்ஸெப்ஷன் வீசும். ஸ்விஃப்டில் இன்ட்32க்குள் கொள்ளாத எண்ணைத் திணித்தால் செயலியே விழுந்துவிடும். கொடூரம்தான், ஆனாலும் பொய் விலை காட்டுவதை விட எனக்கு அது தேவலை.

இன்னொரு கூட்டம் ஸ்ட்ரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரூபாய்க் குறியையும் கமாவையும் உதறிவிட்டு டபுளாக மாற்றும். '₹1,299.00' தப்பித்துவிடும். ஜெர்மனியில் கமாதான் தசமப் புள்ளி. அங்கே '7,99 €' அப்படியே 799 யூரோ ஆகிவிடும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காட்ட வேண்டுமானால் அவர்கள் தந்த ஸ்ட்ரிங்கை அப்படியே காட்டலாம். கணக்குப் போட வேண்டுமானால் லாங்கை லாங்காகவே வைத்திருந்து, கடைசியில் பிக்டெசிமல் டாட் வேல்யூஆஃப் என்பதற்கு மைக்ரோவையும் 6 என்ற ஸ்கேலையும் கொடுத்தால் போதும், பைசாவும் தொலையாது.

சோதனையை டாலரில் மட்டும் செய்கிறவர்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. 9.99 டாலர் ஒரு கோடி மைக்ரோவைக்கூடத் தொடாது. இந்தோனேசிய ரூபியாவிலோ 3,000க்கே இன்ட் நிரம்பி வழியும்.

நண்பரின் திரையில் விலை இப்போது சரியாக வருகிறது. மூன்று வரிதான் மாற்றினேன். ஆனால் அவருடைய வருமானக் கணக்கும் அதே இன்ட் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பழைய பதிவுகளில் ஒவ்வொரு ஆண்டுச் சந்தாவும் 204 ரூபாய் என்று உட்கார்ந்திருக்கிறது. அதை இன்னும் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறார்.