எருதும் இல்லாளும்

கடல் கடந்து சென்றவன் வீட்டுக்கு எழுதும் மடலில் நலமும் இருக்கும், பெருமையும் இருக்கும், சிறிது பொய்யும் இருக்கும். கிளெய்க் என்னும் பாதிரியார் 1830இல் வெளியிட்ட தாமஸ் மன்றோவின் வாழ்க்கை வரலாற்றில் அவருடைய மடல்கள் அடங்கியுள்ளன. அந்தப் பொய்யைத் தேடியே நாம் ஏட்டைப் புரட்டினோம். கிடைத்ததோ வேறு!

வணிகத்தில் நொடித்த கிளாஸ்கோ நகரத்தாரின் மகன் அவர். கப்பலில் மிட்ஷிப்மேன் வேலைக்கு அமர்ந்து, புறப்படும் தறுவாயில் கும்பினிப் படையில் இடம் பெற்று, 1780 சனவரியில் சென்னையில் இறங்கினார். இந்தியாவிலே துரைமார் பஞ்சணையில் புரள்வதாக ஊரார் எண்ணும் எண்ணத்தை 1789இல் உடன்பிறந்தாளுக்கு எழுதிய மடலில் உடைக்கிறார். கழிகளில் இழுத்துக் கட்டிய கித்தானே படுக்கை. தலையணை புத்தகம், இல்லையேல் தோட்டாப் பை. குளிர் வந்தால் மேலங்கியின் கைகளுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு உறக்கம்! வறுமையைச் சிரித்துக்கொண்டே எழுதும் நேர்மை நம்மைக் கவர்கிறது.

1792இல் பாராமகால் திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்கு மாறிற்று. ஓசூர் 1799 வரை மைசூர்ப் பக்கமே நின்றது. கிருட்டினகிரி, தருமபுரிச் சீமையில் அலெக்சாண்டர் ரீடின் கீழ் வரி வகுக்க வந்தார் மன்றோ. ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, காலை முதல் உழவர் கூட்டத்தின் நடுவே அமர்ந்து எழுதிய மடல் ஒன்று உண்டு. ஒருவன் தந்தை பட்ட முப்பதாண்டுக் கடனைச் சொல்கிறான். இன்னொருவன், போரின்போது தன் உடைமையை உடன்பிறந்தானே விழுங்கிவிட்டதாகப் புலம்புகிறான். மூன்றாமவன், வழக்கமான வரியைக் கட்ட முடியாது என்கிறான். ஏன்? மனைவி இறந்துவிட்டாளாம், தன் நல்ல எருதைவிட அதிகம் உழைத்தவளாம்!

இங்கேதான் நமக்கு மன்றோவோடு வழக்கு. தம் வறுமையைச் சிரித்து எழுதியவர் அவர். அந்தச் சிரிப்புக்கு அவருக்கு உரிமை உண்டு. இந்த உழவனின் இழப்பும் அதே சிரிப்பில் கரையலாமா? அவளுக்குப் பெயரில்லை, வீட்டாரை நகைக்க வைக்கும் அரைவரியே அவள். வரியோ நிலத்தின்மீது. அந்த நிலத்தை விளைவித்த கை எந்தக் கணக்கில் ஏறிற்று?

ஆனால் நம் புலவரைக் கேட்போம்: அரசனுக்கும் ஆண்டவனுக்கும் ஆயிரம் பாட்டுப் பாடியவர்கள், பாராமகாலின் உழத்திக்கு இந்த அரைவரியாவது கொடுத்தார்களா? மந்திராலயத்துச் சமாதியிலிருந்து சாமியார் மன்றோவிடம் பேசினார் என்னும் கதை ஊரெங்கும் உலவுகிறது. உயிருள்ள உழவன் அவரிடம் பேசியதை எத்தனை பேர் அறிவர்?

இன்று அதே ஓசூர், கிருட்டினகிரிப் பகுதியில் தொழிற்சாலை விடுதிகளில் தங்கி உழைக்கும் இளம்பெண்கள் ஏராளம். அவர்கள் வீட்டுக்குச் சொல்லும் செய்தியைத் தொகுப்பார் யார்? தொகுப்பவர் அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதட்டும்.