உறுமி கேட்கும் பழைய வூஃபர்

ஒலிபெருக்கியும் டைனமிக் வகை மைக்கும் உள்ளமைப்பில் ஒன்றே. காந்தத்தின் இடைவெளியில் தொங்கும் செம்புக் கம்பிச் சுருளும் அதனோடு ஒட்டிய மெல்லிய பரப்புமே இரண்டிலும் உள்ளன. முன்னதில் மின்சாரம் பாய்ந்து சுருள் அசைகிறது. பின்னதில் ஒலி மோதிச் சுருள் அசைய, ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலால் மின்னழுத்தம் பிறக்கிறது. பெரம்பலூர், அரியலூர் வட்டார மைக் செட் கடைகளில் மூலையில் கிடக்கும் ஆறரை அங்குல வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கியை, மைக்காக்க இந்த அறிவே போதும்: பெட்டியிலிருந்து கழற்றி, இரு முனைகளிலும் ஒயரைப் பற்றவைத்து, மிக்சரின் மைக் துளையில் செருகிவிடலாம். கூம்புத் தாளை விரல் நுனியால் அமுக்கினாலே மிக்சரின் அளவு விளக்கு துள்ளுகிறது.

பேச்சுக்கு இது உதவாது. சுருளும் கூம்பும் சேர்ந்து பல கிராம் எடையுள்ளவை என்பதால், உயர் அதிர்வெண்களின் விரைவுக்கு அவை அசைந்து கொடுப்பதில்லை. சகர ஒலிகள் மங்கி, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. இந்த மந்தத்தன்மையையே பயனாக்கியவர் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக். 1966இல் பீட்டில்ஸ் குழுவின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாடலுக்கு, பேஸ் கிதாரின் ஒலிபெருக்கிக்கு எதிரே இன்னோர் ஒலிபெருக்கியை மைக்காக நிறுத்தி அதன் அடிநாதத்தைப் பதிவு செய்தார். பிற்பாடு யமஹா இதே உத்தியை ‘சப்கிக்’ என்ற பெயரில் விற்பனைப் பொருளாகவே கொண்டுவந்தது.

இவ்வட்டார அம்மன் கோயில் திருவிழாக்களில் வூஃபர் மைக்குக்கு உகந்த கருவி உறுமிதான். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் அந்த முனகலின் அடிப்பகுதியை, குரலுக்கென வடிவமைக்கப்பட்டுத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து வாங்கும் மேடை மைக்குகள் பாதியில் விட்டுவிடுகின்றன. வூஃபரோ, தன் இயல்பு அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியைச் சற்று மிகைப்படுத்தியே தருகிறது. தவிலின் தொப்பி எனப்படும் மந்தப் பக்கத்துக்கும் இது பொருந்தும். தீயில் காய்ச்சி இறுக்கிய பறைக்கு மட்டும் இதை வைப்பது வீண், ஏனெனில் பறையின் உயிர் சுண்டுக்குச்சி எழுப்பும் கூரிய ஒலியில் இருக்கிறது.

கண்டென்சர் மைக்குகளுக்காக மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் மின்னழுத்தத்தை முதலில் அணைத்துவிட வேண்டும். ஒரு முனை தரையிணைப்பில் இருந்தால் சுமார் 7 மில்லியாம்பியர் சுருளில் பாய்ந்து கூம்பை நடுநிலையிலிருந்து சற்றே தள்ளிவிடும். திறந்தவெளிக் காற்றை இவ்வளவு அகலமான தாள் தாங்காது என்பதால் முன்னே துணிமறைப்பும் தேவை. வூஃபரைத் தனியே நம்பாமல் சாதாரண மைக்கோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும். அப்படிச் சேர்க்கையில் உறுமியின் அடிநாதம் பெருகுவதற்குப் பதில் காணாமல் போனால், பெரும்பாலும் இரு ஒலிகளும் எதிரெதிர்த் திசையில் இயங்கி ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். வூஃபரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் அடிநாதம் திரும்பிவிடும்.