பந்து உருளாத நாட்களின் பேச்சு

2025 ஜூன் 18, புதன்கிழமை. இங்கிலாந்து நேரப்படி காலை ஒன்பது மணிக்கு பிரீமியர் லீக் அடுத்த சீசனின் ஆட்ட அட்டவணையை வெளியிட்டது. ஒரு கிளப்புக்கு 38 ஆட்டங்கள். வெளியாள் கண்ணுக்கு அது பஸ் டைம்டேபிள் மாதிரிதான் தெரியும். ரசிகர் அதை மேலிருந்து கீழாகப் படிப்பதே இல்லை. முதல் ஆட்டம் யாரோடு என்று பார்ப்பார். அங்கிருந்து ஒரே தாவாக, உள்ளூர்ப் பகையாளியோடு மோதும் இரண்டு தேதிகளுக்குப் போவார். கிறிஸ்துமஸை ஒட்டி வெளியூர்ப் பயணம் இருக்கிறதா என்று தேடுவார். கடைசியாக மே மாதத்துக்கு வருவார். கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் நிலை வந்தால் அந்தக் கடைசி மூன்று ஆட்டங்களில் யாரிடம் புள்ளி எடுக்க முடியும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார். பந்து உருள இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே ஒரு சீசன் முழுவதையும் வாழ்ந்து முடித்திருப்பார்.

ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். மே கடைசியில் ஒரு சீசன் முடிந்து ஆகஸ்ட் நடுவில் அடுத்தது தொடங்கும்வரை ரசிகர்கள் பேசிக்கொள்ளும் பேச்சை எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு அது ஆட்டத்துக்கு ஒரு மாற்றும் குறையாத சுவை. அதற்கு நல்ல எடுத்துக்காட்டாக, லிவர்பூல் நகரத்தின் நீலச் சட்டைக்காரர்களான எவர்டன் கிளப்பின் 2025 கோடையை எடுத்துக்கொள்கிறேன். 133 ஆண்டு குடியிருந்த வீட்டை அவர்கள் காலி செய்த கோடை அது.

பழக வேண்டிய முதல் விஷயம் இது: ரசிகர் அடுத்த சீசனைப் பற்றிப் பேசும்போது அவர் எந்த வருஷத்தில் நின்றுகொண்டு பேசுகிறார் என்று கவனியுங்கள். ‘இந்தத் தடவை பத்தாவது இடம் வந்தால் போதும்’ என்று அறுபது வயதுக்காரர் ஒருவர் சொல்கிறார். இருபத்தைந்து வயதுப் பையனும் அதையே சொல்கிறான். வாக்கியம் ஒன்று, வலி வேறு. பெரியவர் 1985-ஐயும் 1987-ஐயும் கண்ணால் பார்த்தவர். எவர்டன் லீக் பட்டம் வென்ற வருஷங்கள் அவை. 1985-இல் ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூல் ஆடவிருந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன் ரசிகர் கலவரத்தில் 39 பேர் இறந்தார்கள். அதன்பின் இங்கிலாந்து கிளப்புகள் எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவின் கதவு மூடப்பட்டது. சாம்பியனாக இருந்த எவர்டனால் ஐரோப்பியக் கோப்பையில் கால் வைக்கவே முடியவில்லை. அந்த அணி ஐரோப்பாவில் என்ன செய்திருக்கும் என்ற கேள்வி நாற்பது வருஷமாக அவர் தொண்டையில் நிற்கிறது. ‘பத்தாவது இடம் போதும்’ என்று அவர் சொல்லும்போது, தன் ஆசையை அவரே மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறார்.

பையன் கோப்பையையே பார்த்ததில்லை. எவர்டன் கடைசியாக வென்ற பெரிய கோப்பை 1995-இன் எஃப்.ஏ. கோப்பை, அவன் பிறக்கும் முன்னே. அவனுக்குத் தெரிந்தது 2022 மே மாதம்: கிரிஸ்டல் பேலஸிடம் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று ஜெயித்து, லீக்கில் தொற்றிக்கொண்ட ராத்திரி. 2023-இல் போர்ன்மத்துக்கு எதிராக ஒரே ஒரு கோல் அடித்துப் பிழைத்த கடைசி நாள். அடுத்த சீசனில் கிளப்பின் நிதி விதிமீறலுக்காக மொத்தம் எட்டுப் புள்ளிகள் வெட்டப்பட்ட மாதங்கள். 1954 முதல் விடாமல் முதல் பிரிவிலேயே இருக்கும் கிளப், தன் காலத்தில் இறங்கிவிடுமோ என்ற பயத்திலேயே வளர்ந்தவன் அவன். பத்தாவது இடம் என்பது அவனுக்கு நிம்மதியாகத் தூங்கும் ஒரு வருஷம்.

அடுத்தது ஒரு சின்னச் சொல். தமிழ் தெரிந்த நமக்கு இதில் கூடுதல் வசதி உண்டு. நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் நம் காது பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனாலும் எவர்டன்காரர்கள் இருவர் பேசும்போது, உள்ளே அழைக்கிற ‘நாம்’ எது, எதிராளியை வெளியே நிறுத்துகிற ‘நாங்கள்’ எது என்று குரலிலேயே தெரியும். ‘நமக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் வேணும்’ என்பார்கள். நிர்வாகம் தவறு செய்தால் அதே வாய் ‘அவங்க வித்துட்டாங்க’ என்று மாறிவிடும். நாம் எந்த இடத்தில் அவர்களாகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் கிளப்பில் யார் மேல் யாருக்கு நம்பிக்கை இருக்கிறது, எங்கே அறுந்தது என்று ஒரு பத்திரிகையும் படிக்காமல் சொல்லிவிடலாம்.

யார் வருகிறார்கள் என்பதைவிட யார் போகிறார்கள் என்ற பேச்சு ஆழமானது. ஒப்பந்தங்கள் ஜூன் 30-ஆம் தேதி முடியும். 2022-இல் பேலஸுக்கு எதிரான அந்த மூன்றாவது கோலைத் தலையால் பாய்ந்து அடித்த டொமினிக் கால்வர்ட்-லூயினும், 2023-இல் போர்ன்மத்துக்கு எதிரான ஒற்றைக் கோலை அடித்த அப்துலாய் டுக்குரேயும் அதே ஜூனோடு எவர்டனை விட்டுக் கிளம்பினார்கள். காயத்தாலேயே பாதிக் காலம் வெளியே இருந்தார், போனது சரிதான் என்று கால்வர்ட்-லூயினைப் பற்றிக் கணக்காகப் பேசத் தொடங்குவார்கள். இரண்டு வாக்கியம் தாண்டும்முன் பேச்சு அந்தப் பேலஸ் ராத்திரிக்குத் திரும்பிவிடும். அந்தத் திருப்பத்துக்காகவே பொறுமையாகக் காத்திருங்கள். ஆகஸ்டில் அவர் சேர்ந்த இடம் லீட்ஸ். எவர்டனின் முதல் ஆட்டமும் லீட்ஸோடுதான்.

இருப்பவரைப் பற்றிய பேச்சுக்கு ஒரு தனி இதம் உண்டு. சீமஸ் கோல்மன் 2009-இல் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ் கிளப்பிலிருந்து வெறும் 60,000 பவுண்டுக்கு வந்தவர். அந்த அறுபதாயிரத்தை வைத்தே ரசிகர்கள் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்த ஜூனில் 36 வயதில் அவருக்கு இன்னொரு வருஷ ஒப்பந்தம் கிடைத்தது. எத்தனை ஆட்டம் ஆடுவார் என்று யாரும் கேட்கவில்லை. புது வீட்டுக்குப் போகும்போது பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும், அவ்வளவுதான்.

புதுச் சட்டை, விளம்பரதாரர், விலை பற்றிய பேச்சைத் தாண்டிப் போய்விடலாம். எல்லாக் கிளப்பிலும் அது ஒன்றுதான்.

இனி, வீடு. எவர்டன்காரர்களின் அந்தக் கோடையில் மற்ற எல்லாப் பேச்சும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இதுதான். குடிசன் பார்க் 1892 ஆகஸ்ட் 24-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் எவர்டன் ஆடிய இடம் எது தெரியுமா? ஆன்ஃபீல்ட். நிலத்துக்காரர் ஜான் ஹோல்டிங்கோடு வாடகைத் தகராறு வந்து எவர்டன் வெளியேற, காலியான மைதானத்துக்கு அவர் தொடங்கிய கிளப்தான் லிவர்பூல். ஒரு தடவை வீடு மாறியதற்கே பரம்பரைப் பகை பிறந்த வரலாறு இது.

ஊருக்கு நடுவே, வரிசை வீடுகளின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, மூலையில் செயின்ட் லூக் தேவாலயம் எட்டிப் பார்க்க, மர இருக்கைகளும் பார்வையை மறைக்கும் தூண்களுமாக இருந்த மைதானம். 1927-28 சீசனில் லீக்கில் 60 கோல் அடித்த டிக்ஸி டீன், 1980-இல் லிவர்பூலோடு நடந்த ஆட்டத்தைப் பார்க்க வந்த அன்று அங்கேயே உயிர்விட்டார். நூற்றுக்கணக்கான ரசிகர்களின் சாம்பல் அந்தப் புல்லின் ஓரத்தில் புதைக்கப்பட்டிருக்கிறது. 2004-இல், இனி இடமில்லை என்று கிளப் நிறுத்தும்படி ஆயிற்று. 2025 மே 18-இல் ஆண்கள் அணி அங்கே தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் இலிமான் என்டியாயே அடித்தவை.

இந்தப் பேச்சைக் கேட்க எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு எவர்டன்காரர், அறுபதைத் தாண்டியவர். அவர் மகளுக்கு முப்பது இருக்கும். இருவரும் சீசன் டிக்கெட்காரர்கள். ஜூலையில் ஒருநாள் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், மகள் தன் போனில் புது மைதானத்தின் இருக்கை வரைபடத்தை விரித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“தூண் எங்கே?”

“தூணே கிடையாதுப்பா. எங்கே உட்கார்ந்தாலும் முழு மைதானமும் தெரியும்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உட்கார்ந்தபடியே உடம்பை இடப்பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். குடிசனில் அவர் இருக்கைக்கு முன்னால் ஒரு இரும்புத் தூண். பந்து வலது மூலைக்குப் போனால் இவர் இடப்பக்கம் சாய்வார். முன்பு அதே வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பாவும் அப்படித்தான் சாய்வாராம். மகளும் சின்ன வயதிலேயே பழகிக்கொண்டாள். மூன்று தலைமுறை ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது.

“சரி, ஆட்டத்துக்கு முன்னாடி எங்கே சந்திக்கிறது?” என்று கேட்டார். அதற்கு மகளிடம் பதில் இல்லை. இத்தனை வருஷமும் தேவாலயத்து மூலையில்தான் சந்தித்தார்கள். நேரம் மட்டும் சொன்னால் போதும், இடத்தை யாரும் சொன்னதே இல்லை.

அன்று அந்த மேஜையில் நான் கேட்டது மொத்தமும் போக்குவரத்துப் பேச்சு. சாண்ட்ஹில்ஸ் ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், மெர்ஸி ஆற்றங்காற்று டிசம்பரில் எப்படி அடிக்கும், புது மைதானம் நிற்கும் பிராம்லி-மூர் துறைப் பக்கம் சூடாக ஒரு டீ எங்கே கிடைக்கும். புதிதாகக் கேட்பவருக்குச் சலிப்பாக இருக்கும். பொறுத்திருந்து கேளுங்கள். துக்கம் நேராக வராது. பார்க்கிங்கையும் பஸ்ஸையும் சாக்கிட்டுத்தான் வரும். குடிசனை இடிக்கப்போவதில்லை, எவர்டனின் பெண்கள் அணி அங்கே ஆடும் என்று மே மாதத்தில் கிளப் அறிவித்திருந்தது. அந்தச் செய்தியைச் சொல்லும்போது மட்டும் இருவர் குரலும் ஒரேயடியாகத் தெளிந்தது.

வதந்திக்கு வருவோம். காலையில் ஒரு பெயர் அடிபடும். மதியத்துக்குள் அவரை எந்த இடத்தில் ஆட வைப்பது என்று முடிவாகிவிடும். சாயங்காலம் அவருடைய பழைய காயங்கள் எண்ணப்படும். மறுநாள் அவர் வேறு கிளப்புக்குப் போய்விட்டால், ‘நமக்குச் சரிப்பட்டிருக்க மாட்டார்’ என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். வராத ஆட்டக்காரர்களைக் கொண்டு கட்டப்படும் இந்த அணிகளில்தான் ரசிகரின் ரசனை பச்சையாகத் தெரியும். ஒருவர் எப்போதும் முட்டி மோதுகிற தடுப்பாட்டக்காரரையே கேட்பார். இன்னொருவர் பந்தோடு ஆளைத் தாண்டுபவரை. எவர்டனில் இரண்டாவது வகைக்காரர்கள் பல வருஷமாகப் பசியோடு இருந்தார்கள். ஆகஸ்டில் ஜாக் கிரீலிஷ் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து லோனில் வந்தார். 2021-இல் பத்துக் கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்டவர், சிட்டியில் ஓரங்கட்டப்பட்டிருந்தவர். அவர் கேட்டு வாங்கிய எண் 18. எவர்டனில் வெய்ன் ரூனியும் பால் கேஸ்காய்னும் அணிந்த எண். ஒரு சட்டை எண்ணிலேயே அவர் பாதிப் பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

பேச்சில் யார் சொன்னது பலித்தது என்று மதிப்பெண் போடாதீர்கள். 2015 கோடையில் லெஸ்டர் ரசிகர்கள் பயிற்சியாளர் நீக்கப்பட்டதையும், புதிதாக வந்த கிளாடியோ ரனியேரியையும் கவலையோடுதான் பேசினார்கள். கான் நகரக் கிளப்பிலிருந்து வந்த என்கோலோ கான்டே என்ற குட்டையான நடுக்கள ஆட்டக்காரரைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு 5,000 என்று வைத்திருந்தார்கள். லெஸ்டர் 81 புள்ளிகளோடு பட்டம் வென்றது. அந்தக் கவலைப் பேச்சு பொய்த்தது என்பதற்காக அதன் சுவை குறைந்துவிடவில்லை. இன்று லெஸ்டர்காரர்கள் ஆசையோடு திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டுவது அந்த ஜூலையில் தாங்கள் பட்ட பயத்தைத்தான்.

பயிற்சி ஆட்டங்களின் முடிவுகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் பொருட்படுத்துவார்கள். எவர்டன் அந்த ஜூலையில் அமெரிக்கா போய் மூன்று ஆட்டம் ஆடி ஒன்றிலும் வெல்லவில்லை. ஆகஸ்ட் 9-இல் புது மைதானத்தில் ரோமாவிடம் 0-1 என்று தோற்றது. ஆள் போதவில்லை என்று பயிற்சியாளர் டேவிட் மோய்ஸே வெளிப்படையாகச் சொன்னார். ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை இரவு லீட்ஸில் ஒரு பெனால்டியில் 0-1. மூன்று மாதம் கட்டிய நம்பிக்கை ஒரே ராத்திரியில் தரையைத் தொட்டது. அன்றைய பேச்சில் எல்லாமே ‘அவங்க’.

ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 24. குடிசன் திறந்து சரியாக 133 ஆண்டு. ஆற்றங்கரையில் ஏறக்குறைய 53,000 பேர் உட்காரும் ஹில் டிக்கின்சன் மைதானத்தில் முதல் லீக் ஆட்டம், எதிரணி பிரைட்டன். முதல் கோலை அடித்தவர் என்டியாயே, பழைய வீட்டில் ஆண்கள் அணியின் கடைசிக் கோலை அடித்த அதே ஆள். இரண்டாவது ஜேம்ஸ் கார்னர் அடித்தது. இரண்டுக்கும் பந்தை எடுத்துக் கொடுத்தவர் கிரீலிஷ். பிரைட்டனின் பெனால்டியை ஜோர்டன் பிக்ஃபோர்ட் தடுத்தார். 2-0.

இரவு அந்த அறுபது தாண்டிய எவர்டன்காரருக்குப் போன் செய்தேன். கோலைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ரீஜென்ட் ரோடு ஓரமாக ஓடும் பழைய கருங்கல் துறைமுக மதிலைப் பற்றிச் சொன்னார். அதில் ஒரு வாசல் தூணின் பக்கவாட்டில் காற்று அடிக்காத ஒரு மூலை இருக்கிறதாம். மகள் அங்கே முன்னாலேயே வந்து நின்றிருந்தாளாம். “அடுத்த ஆட்டத்துக்கும் அங்கேதான்” என்றார்.