வல்லுநர் சாட்சியம் குறித்த முன் ஆணையை மாற்றுதல்: ஒரு திறனாய்வு

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில், வல்லுநர் சாட்சியத்தை ஏற்கலாம் என முன்னரே ஆணையிட்ட விசாரணை நீதிபதி, பின்னர் அதனை மாற்றலாமா? மாற்றலாம் என்போர் லூஸ் வழக்கைச் (1984) சான்று காட்டுவர். எதிர்பாராதது எதுவும் நிகழாவிடினும் முன் ஆணையை மாற்ற நீதிபதிக்கு உரிமையுண்டு என்பது அத்தீர்ப்பின் நிலைப்பாடு. ஆனால் அவ்வழக்கில் எழுந்த வினா, குற்றஞ்சாட்டப்பட்டவரின் முந்தைய தண்டனையைச் சான்றாக்குவது பற்றியது, வல்லுநரைப் பற்றியதன்று. இவ்வேறுபாடு சிறியதன்று. தண்டனை பற்றிய ஆணை மாறினால் வழக்கின் ஒரு கூறு மாறும். மருந்தின் தீங்கையோ கருவியின் குறைபாட்டையோ நிறுவ ஒரே வல்லுநரை நம்பியிருக்கும் வாதிக்கோ, ஆணை மாறினால் வழக்கே இல்லை; வேறொருவரை முன்மொழியும் கெடுவும் அதற்குள் கடந்திருக்கும்.

இதனையொத்த வாதம், மேல்முறையீட்டில் வல்லுநர் சாட்சியம் நீக்கப்பட்ட வைஸ்கிராம் வழக்கில் (2000) எழுந்தது. டாபர்ட் தீர்ப்புக்குப் (1993) பின் கடுமையான அளவுகோலை அறிந்தே தரப்பினர் வருகின்றனர் என்று கூறி, உச்சநீதிமன்றம் அதனை மறுத்தது. இம்மறுப்பு நிறைவளிக்கவில்லை. உறுதியான ஆணை பதிவானபின் ஆட்சேபத்தைப் புதுப்பிக்க வேண்டியதில்லை எனச் சாட்சிய விதி 103 கூறுகிறது. ஆட்சேபித்துத் தோற்றவர் அவ்வாணையை நம்பலாமெனில், வென்றவர் ஏன் நம்பலாகாது?

வல்லுநர் சாட்சிக் கூண்டில் தம் அறிக்கையிலிருந்து விலகினால் மறு ஆய்வு முறையே. நீதிபதியின் மனமாற்றம் மட்டுமே காரணமெனில், சாட்சியத்தை நீக்குமுன் குறையைச் சுட்டி, அதனை ஈடுசெய்யக் கால அவகாசம் அளித்தல் வேண்டும்.