மூன்று ஆலயங்களும் வெண்சுண்ணமும்

கிறித்தவ சமயத்தின் உட்பிரிவுகள் பல. அவை எழுப்பிய ஆலயங்களின் அமைப்பும் பலவகை. சிங்கப்பூர் நகரின் நடுவே, நடந்து சென்றே காணத்தக்க மூன்று ஆலயங்கள் இதற்குச் சான்று. மூன்றும் 1973ஆம் ஆண்டில் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பெற்றவை. ஆயினும், பழமை கருதிப் பாராட்டுவது மட்டும் திறனாய்வு ஆகாது. கட்டடம் மண்ணுக்கும் மக்களுக்கும் எவ்வாறு பொருந்துகிறது என்பதையே நோக்குதல் வேண்டும்.

முதலாவது, ஆர்மீனியர் ஆலயம். சிறியதொரு வணிகச் சமூகத்துக்காக ஜார்ஜ் கோல்மன் 1835இல் அமைத்தது. அதன் தூண் முகப்புகள் வெயிலைத் தடுத்துக் காற்றை வரவேற்கின்றன. அளவிற் சிறிது, அமைப்பில் நிறைவுடையது.

இரண்டாவது, கத்தோலிக்கரின் நல்லாயன் பேராலயம். 1843இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1847இல் நிறைவுற்றது. தரையமைப்பு சிலுவை வடிவம். தோற்றத்தில் ஆரவாரம் இல்லை. வெப்ப நாட்டின் இயல்பறிந்த அடக்கம் இவ்விரண்டிலும் உண்டு.

மூன்றாவது, ஆங்கிலிக்கன் சபையின் புனித அந்திரேயா பேராலயம். அவ்விடத்தில் கோல்மன் கட்டிய முன்னைய ஆலயம் இருமுறை இடி விழுந்து பழுதுற்றமையால், 1855இல் இடிக்கப்பட்டது. ரொனால்ட் மெக்பர்சன் வரைந்த புதிய ஆலயம் 1862இல் அருட்பொழிவு பெற்றது. அதன் கோதிக் வடிவம் குளிர்நாட்டில் பிறந்தது. இவ்வடிவைக் கடன் வாங்கியது குறையே எனலாம். ஆயின், அக்குறையை மறைத்து அழகாக்கியது அதன் வெண்மை.

அவ்வெண்மை எங்கிருந்து வந்தது? சென்னைச் சுண்ணம் எனப்பட்ட பூச்சிலிருந்து. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் கலந்து பூசினர். காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். இப்பணி செய்தோர் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவர்கள் அனைவரும் தமிழரே எனப் பெருமை பேசுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. வங்கம், பம்பாய் முதலிய பகுதியினரும் அவர்களுள் இருந்தனர். அவர்களுட் பலர் கிறித்தவரும் அல்லர். தமக்குரியதல்லாத கோவிலைத் தம் கைத்திறத்தால் ஒளிபெறச் செய்தனர்.

இவ்வாலயத்தின் கீழ்த்திசைச் சாளரங்கள் ராபிள்ஸ், கிராபர்டு, பட்டர்வொர்த் ஆகிய மூவரின் நினைவைத் தாங்குகின்றன. ஆள்வோர் பெயரைக் கண்ணாடி காக்கிறது. உழைத்தோர் கைத்திறத்தைச் சுவர் காக்கிறது. முன்னது படிப்பதற்கு எளிது. பின்னதைப் படிக்கப் பயிற்சி வேண்டும்.

வரலாற்றுப் பாடத்தில் இவ்வாலயங்களைக் கட்டிய ஆண்டும் வரைந்தவர் பெயரும் கூறுவதோடு ஆசிரியர் கடமை முடிவதில்லை. சுண்ணம் குழைத்தவர் யார் என்ற வினாவையும் மாணவர் உள்ளத்தில் எழுப்புதல் வேண்டும். அவ்வினா எழாத கல்வி, தூணை எண்ணிவிட்டு அடித்தளத்தை மறந்த கல்வியாகும்.