ஆறாவது ஆளின் கணுக்கால்

2007-08 என்பிஏ பருவத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் சராசரிப் பட்டியலில் டங்கனுக்கும் பார்க்கருக்கும் மேலே இருந்தவர், பெரும்பாலான ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர். மானு ஜினோபிலி, 19.5 புள்ளிகள். அந்த ஆண்டின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். ஆனால் அந்தப் பருவத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மவர்கள் நேராக மேற்கு இறுதிக்குப் போய்விடுகிறார்கள்: லேக்கர்ஸ் 4-1, கோபி பிரையன்ட், முடிந்தது கதை. அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தை யாராவது இன்னொரு முறை போட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும். மூன்றாம் கால்பகுதியில் ஸ்பர்ஸ் 20 புள்ளி முன்னிலை. கடைசியில் 89-85 என்று தோல்வி. ஜினோபிலி எறிந்த 13-இல் விழுந்தது 3. மூன்றாவது ஆட்டத்தில் அதே மனிதர் 30 எடுத்தார், ஸ்பர்ஸ் சுலபமாக வென்றது. அந்தத் தொடரில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. இரண்டு ஆட்டங்களுக்கும் இடையில் கோபி மாறிவிடவில்லை. மாறிக்கொண்டே இருந்தது ஜினோபிலியின் இடது கணுக்கால்.

கணுக்கால் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. யூரோஸ்டெப்பை அவருக்கு முன்னும் பலர் போட்டார்கள், பின்னால் எல்லோரும் போடுகிறார்கள். ஜினோபிலியின் யூரோஸ்டெப்பில் முதல் அடி ஒரு பொய். தடுப்பவர் அந்தப் பொய்யை நம்பி உடம்பைச் சாய்த்த பிறகுதான் இரண்டாவது அடி கிளம்பும், அதுவும் முன்னோக்கி இல்லாமல் பக்கவாட்டில், ஒரு முழு ஆள் அகலத்துக்கு. ஓடிவந்த வேகம் முழுவதையும் ஒற்றைக் கணுக்கால் பக்கவாட்டில் வாங்கித் திருப்ப வேண்டும். அங்கே கொஞ்சம் வலி இருந்தால் அந்த அடி அரை அடி குறையும். அரை அடி குறைந்தால் தடுப்பவரின் கை எட்டிவிடும். புள்ளிவிவரத் தாளில் அது 'தவறிய லேஅப்' என்று மட்டும் பதிவாகும்.

குறைவது லேஅப் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. எனக்கு அவருடைய ஆட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தத் தரைப் பாஸ். பிக் அண்ட் ரோலில் இரண்டு பேர் அவரைச் சூழ்ந்து வருவார்கள். அவர்களுக்கு நடுவே பந்து மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கும், அதுவும் ஒரு கணம்தான். இடது கையிலிருந்து பந்து சுழன்று கீழே பட்டு, உள்ளே ஓடும் டங்கனின் இடுப்பு உயரத்துக்கு எழும். சில நேரம் தடுப்பவரின் கால்களுக்கு நடுவிலேயே அனுப்பிவிடுவார். இந்தப் பாஸுக்கு விலை கொடுப்பது அந்த யூரோஸ்டெப்தான். அவர் உள்ளே புகுந்துவிடுவார் என்ற பயம் இருந்தால்தான் இருவர் வருவார்கள். இருவர் வந்தால்தான் சந்து திறக்கும். கணுக்கால் நோகிற ஜினோபிலியைத் தடுக்க ஒருவர் போதும். அப்போது டங்கனுக்கு அந்தப் பந்து வராது, மூலையில் நிற்கும் புரூஸ் போவனுக்கும் வராது. ஒரு மனிதரின் தசைநார் வீங்கினால் நான்கு பேரின் ஆட்டம் சுருங்குகிறது. 2005 இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் ராபர்ட் ஹோரி அடித்த அந்தக் கடைசி மூன்று புள்ளியை எல்லோரும் ஹோரியின் கணக்கில் எழுதுகிறார்கள். ரஷீத் வாலஸ் ஏன் ஹோரியை விட்டுவிட்டு மூலைக்கு ஓடினார்? அங்கே பந்தோடு நின்றது ஜினோபிலி.

ஜினோபிலியைவிட ஹார்டனே மேல் என்னும் ரசிகர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. இடது கை, யூரோஸ்டெப், ஃபவுல் வாங்கும் வித்தை, எல்லாம் ஹார்டனிடம் பெரிய எண்ணிக்கையில் இருக்கிறது. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் வாதமே எழாது. ஆனாலும் ஹார்டன் பந்தை வைத்திருக்கும்போது மற்ற நால்வரும் காத்திருக்கிறார்கள், ஜினோபிலி வைத்திருந்தால் நால்வரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். டங்கன்தான் எல்லாம், மற்றவர்கள் துணை என்பவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு. டங்கன் இல்லாத ஸ்பர்ஸ் என்ன என்பதை 2000-இல் பார்த்தோம்: முழங்கால் காயத்தோடு அவர் வெளியே உட்கார, நடப்பு சாம்பியன் முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸிடம் விழுந்தது. சுவர் இடிந்தால் வீடு விழும், யாருக்கும் புரியும். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கேள்வி: டங்கன் நலமாக இருந்தும் ஏன் 2008-இலும் 2009-இலும் 2011-இலும் ஸ்பர்ஸ் வீழ்ந்தது?

2009-க்குப் பதில் சுருக்கமானது. வலது காலின் சிற்றெலும்பில் அழுத்த முறிவு, ஜினோபிலி பிளேஆஃபில் ஆடவே இல்லை, டல்லாஸ் 4-1. 2011-தான் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

அந்த ஆண்டு பயிற்சியாளர் பாப்பவிச் ஜினோபிலியைத் தொடக்க ஐவரில் வைத்திருந்தார். 61 வெற்றி, 21 தோல்வி. மேற்கில் முதலிடம் உறுதியான பிறகு, பருவத்தின் கடைசி ஆட்டம் ஃபீனிக்ஸில். ஆடாமல் விட்டிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் ஜினோபிலியின் வலது முழங்கை மடங்கியது. இடது கைக்காரருக்கு வலது முழங்கைதானே என்று அன்று பலர் ஆறுதல் சொன்னார்கள். எறியும் கை தப்பித்தது உண்மைதான். ஆனால் பந்தைக் கைமாற்றுவது, உள்ளே புகும்போது உடம்பைக் காப்பது, எதிராளியின் டிரிபிளில் விரல் நுழைத்துப் பந்தைத் தட்டுவது எல்லாம் மற்றக் கையின் வேலை. மெம்பிஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர் இல்லை; 101-98 என்று தோல்வி. இரண்டாவது ஆட்டத்திலிருந்து கையில் பெரிய கட்டோடு வந்தார். ஐந்தாம் ஆட்டத்தில் 33 புள்ளி. நான்காம் கால்பகுதியின் கடைசி நொடிகளில் மூலையிலிருந்து அவர் போட்டது மூன்று புள்ளி ஆகவேண்டியது, கால் கோட்டின்மேல் இருந்ததால் இரண்டே. பிறகு கேரி நீல் நேரம் முடியும் தறுவாயில் ஒன்றைப் போட்டுக் கூடுதல் நேரத்துக்கு இழுத்ததும், ஸ்பர்ஸ் வென்றதும் தெரிந்ததே. ஆறாம் ஆட்டத்தில் கதை முடிந்தது. எட்டாம் இடத்து அணி முதலிடத்து அணியை வீழ்த்தியது.

இதில் மெம்பிஸுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆகவேண்டும். அவர்களுடைய ரூடி கேவும் தோள் காயத்தால் பிப்ரவரியிலிருந்து வெளியே. ஒரு முன்னணி வீரர் போனதும் அந்த அணி ரேண்டால்ஃபையும் மார்க் கசோலையும் நடுவில் வைத்துத் தன்னை வேறு உருவத்தில் அமைத்துக்கொண்டது, டோனி ஆலனின் தடுப்பு அதற்குப் பல் கொடுத்தது. கே முதன்மையான புள்ளி எடுப்பவர். அந்த வேலையை இன்னொருவரிடம் மாற்றிக் கொடுக்க முடிந்தது. ஜினோபிலியின் வேலையை யாரிடம் மாற்றுவது? அணிக்குள் யார் எந்த வேலையைச் செய்கிறார் என்பதைப் பார்க்காமல், காயப்பட்டவரின் புள்ளி சராசரியை மட்டும் கழித்து அணியின் எதிர்காலத்தைக் கணிப்பவர்கள் இந்தத் தொடரை ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

பெரிய காயங்கள் எல்லோர் நினைவிலும் இருக்கின்றன. 2019-இல் டுரான்ட்டின் குதிகால் நாண், அடுத்த ஆட்டத்திலேயே கிளே தாம்ப்ஸனின் முழங்கால். 2025 இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் ஹாலிபர்ட்டன் முதல் கால்பகுதியிலேயே தரையில் விழுந்தது. அவற்றை விளக்க ஆள் தேவையில்லை, அரங்கம் முழுவதும் ஒரே நொடியில் புரிந்துகொண்டது.

சிறிய காயங்களுக்குத்தான் விளக்கம் தேவை. ஆனால் அர்ஜென்டினா ரசிகர்களுக்கு ஜினோபிலியின் கணுக்காலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2002 உலகக் கோப்பையில் அமெரிக்காவை அதன் மண்ணிலேயே வீழ்த்திய அணி அது. அரையிறுதியில் அவர் கணுக்கால் பிசகியது; இறுதியில் பெயருக்கு ஆடினார்; யூகோஸ்லாவியா கூடுதல் நேரத்தில் வென்றது. 2004 ஏதென்ஸில் உடம்பு ஒத்துழைத்தது. அமெரிக்காவுக்கு எதிரான அரையிறுதியில் 29 புள்ளி, பிறகு தங்கம். 2008 பெய்ஜிங்கில் மறுபடியும் அமெரிக்கா, மறுபடியும் அரையிறுதி, அதே இடது கணுக்கால். முதல் கால்பகுதியோடு அவர் ஆட்டம் முடிந்தது. அந்தக் கணுக்காலைத்தான் மே மாதம் லேக்கர்ஸுக்கு எதிராக இழுத்துக்கொண்டு ஓடியிருந்தார்.

2012 நவம்பர் 29 அன்று பாப்பவிச் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் மயாமி ஆட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு விமானம் ஏற்றி அனுப்பினார். லீக் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. அன்றைய கூச்சல் எனக்கு நினைவிருக்கிறது. நான் அன்றும் பாப்பவிச் பக்கம், இன்றும் அவர் பக்கம். ஃபீனிக்ஸில் அந்த முழங்கை மடங்கியதை அருகில் நின்று பார்த்த பயிற்சியாளர் வேறு என்ன செய்வார்? அந்த ஓய்வுக்குப் பின்னால் ஒரு மனிதரின் உடம்பை அங்குலம் அங்குலமாக அறிந்த கண் இருந்தது. அதிலிருந்து பிறந்த இன்றைய ஓய்வுக் கணக்கு வேறு இனம். 25 வயதுக்காரர் அடுத்தடுத்த நாள் ஆட்டமென்றால் உட்கார்ந்துவிடுகிறார். விருதுக்கு 65 ஆட்டம் ஆட வேண்டும் என்று லீக் 2023-24-இல் விதி போட, இப்போது நோகிற காலோடு எண்ணிக்கைக்காக ஆடுகிறார்கள். காயம் ஆறுவதற்குத் தேவைப்படும் நாளை விருதுப் பட்டியல் முடிவு செய்யும் நிலை வந்துவிட்டது.

பெஞ்ச் விஷயத்தில் வந்திருக்கும் சரிவு இன்னும் மோசம். எங்கள் பக்கத்தில் விளக்கு கட்டி இரவில் நடக்கும் போட்டிகளில், நல்ல பயிற்சியாளர் ஒருவரை எப்போதும் கையில் வைத்திருப்பார். எதிரணி மூச்சு வாங்கும் நேரம் பார்த்து அந்தப் பையன் உள்ளே வருவான், சிமென்ட் தரையே வேறு தரையாகிவிடும். வெளியே உட்கார்வது அவனுக்குக் கௌரவக் குறைச்சல் என்று யாரும் நினைத்ததில்லை. ஜினோபிலி என்பிஏ-வில் ஆடிய 1057 பருவ ஆட்டங்களில் தொடக்க ஐவரில் இருந்தது 349. யூரோலீக் கோப்பை, ஒலிம்பிக் தங்கம், நான்கு என்பிஏ பட்டங்கள் உள்ளவரின் கணக்கு இது. இன்று ஒருவரைப் பெஞ்சுக்கு மாற்றினால் மறுநாளே அவர் வேறு அணி தேடுவதாகச் செய்தி கசிகிறது.

அவர் செய்த நாசங்களையும் நான் மறைக்க மாட்டேன். 2006-இல் டல்லாஸுக்கு எதிராக ஏழாம் ஆட்டத்தில் தானே முன்னிலை தந்துவிட்டு, தேவையில்லாமல் நோவிட்ஸ்கியை ஃபவுல் செய்தார். 2013 இறுதியின் ஆறாம் ஆட்டத்தில் எட்டு முறை பந்தைத் தொலைத்தார். அதே சந்து, அதே பாஸ், வேகம் அரை நொடி குறைந்த கால்கள். 35 வயதில் உடம்பு மறுத்தாலும் கண் அந்தச் சந்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. அடுத்த ஆண்டு அதே மயாமிக்கு எதிராக, ஐந்தாம் ஆட்டத்தில், பாஷின் தலைக்கு மேல் அவர் போட்ட டங்க் அந்தக் கடனை வட்டியோடு தீர்த்தது. 2017 பிளேஆஃபில் 39 வயதுக்காரராக, கவாய் லெனர்ட் காயத்தோடு வெளியே இருந்த கூடுதல் நேரத்தில், கடைசி எறிதலுக்கு எழுந்த ஹார்டனைப் பின்னாலிருந்து வந்து தடுத்தார். அதற்கு அடுத்த சுற்றில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 23 புள்ளி முன்னிலையில் கவாயின் கணுக்கால் பாச்சுலியாவின் பாதத்தில் விழுந்து பிசகியதும், 113-111 என்று தோற்றதும் தனியாக எழுத வேண்டிய துயரம்.

இப்போது சான் அன்டோனியோவைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் வெம்பன்யாமாவின் உடம்பை அளந்துகொண்டிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் தோளில் ரத்தக்கட்டு கண்டு அவர் பருவம் பாதியில் நின்ற பிறகு அது நியாயமான கவலைதான். என் கண் கெல்டன் ஜான்சன்மேல் இருக்கிறது. 2022-23-இல் சராசரி 22 புள்ளி எடுத்த தொடக்க ஆட்டக்காரர், அடுத்த பருவத்தின் நடுவில் பெஞ்சுக்கு மாற்றப்பட்டு, முகம் சுளிக்காமல் அங்கே தங்கியவர். நெஞ்சுரம் இருக்கிறது, நேராகப் புகும் வலு இருக்கிறது. இருவர் சூழும்போது நடுவில் திறக்கும் சந்து மட்டும் அவர் கண்ணில் படுவதில்லை. அதைப் பார்க்கிற ஒருவர் அந்தப் பெஞ்சில் வந்து உட்காரும்வரை, வெம்பன்யாமா 82 ஆட்டமும் ஆடினாலும் அந்த அணிமேல் நான் பந்தயம் கட்டமாட்டேன்.